பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு? எமது மண்ணின் இருநூறு ஆண்டு அனுபவம்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டைக் காணும் இவ்வேளையில், மலர்க்குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்றைத் தருமாறு கேட்டுக்கொண்டனர். கல்லூரியின் வரலாற்றையும் அதிபர்களின் வரிசையையும் எம்மிலும் தகுதியான மூத்தோர் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்டது வேறொரு விடயம். கொழும்பிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் எமது ஒன்றுகூடல்கள் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் அடிக்கடி எழும் ஒரு கேள்வி அது.

“எங்கட ஊரிலை சமய நிறுவனங்கள் இருநூறு வருசமாப் படிப்பிச்சு வந்திருக்கு. அவையள் ஏன் தாங்களாகவே ஒரு சயன்ஸ் பட்டம் குடுக்கேலாது? எதுக்கு எல்லாத்துக்கும் அரசாங்கத்தின்ரை கையை எதிர்பார்க்க வேணும்?” என்று ஓர் அக்கா எம்மிடம் நேராகவே கேட்டார். சுற்றி இருந்த பலர் தலையசைத்தனர். காசு சேர்த்துத் தரவும் ஆயத்தமாக இருந்தனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு “ஓம்” என்றோ “இல்லை” என்றோ சொல்லுமுன், எமது மண் இந்த விடயத்தில் ஏற்கெனவே பட்டறிந்தவற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இக்கேள்வி முதன்முதலில் எழுந்த இடங்களுள் தெல்லிப்பழையும் ஒன்று.

மறுக்கப்பட்ட சாசனம்

1816 ஒக்ரோபரில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியல் பூவர் பாதிரியாரும் வாறன் பாதிரியாரும் தெல்லிப்பழையில் வந்து தங்கினர். அவர்கள் தொடங்கிய பாடசாலையே குடாநாட்டில் அமெரிக்க மிசனின் கல்விப் பணிக்கு அடித்தளமாயிற்று. தெல்லிப்பழையிலும் பிற மிசன் நிலையங்களிலும் பயின்ற பிள்ளைகளுள் கெட்டிக்காரரைத் தெரிந்து உயர்கல்வி புகட்டும் நோக்குடன் 1823இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. பூவர் பாதிரியார் தெல்லிப்பழையை விட்டு அங்கு சென்று அதன் முதல் அதிபரானார்.

மிசனரிமார் உண்மையில் விரும்பியது ஒரு கல்லூரியை. தமிழ் இளைஞருக்கான கல்லூரி என்றே அவர்கள் திட்டம் வரைந்து, அதனை அச்சிட்டு, நிதியும் திரட்டினர். ஆனால் பிரித்தானிய குடியேற்ற அரசு அதற்குச் சாசனம் வழங்க இணங்கவில்லை. பாடத்திட்டத்தில் குறை கண்டு மறுக்கப்பட்டதன்று. கேட்டவர்கள் அமெரிக்கர் என்பதே காரணம். புதிதாக அமெரிக்க மிசனரிமார் வருவதற்கும் தேசாதிபதி பாண்ஸ் காலத்தில் தடை இருந்தது. ஆகவே அந்நிலையம் கல்லூரி என்ற பெயரைப் பெறாமல் வட்டுக்கோட்டை செமினரி என்றே வழங்கலாயிற்று.

பட்டம் கொடுக்கும் உரிமை இல்லாவிட்டாலும் அங்கு கற்பிக்கப்பட்டவை குறைந்தவை அல்ல. யூக்கிளிட்டின் கேத்திரகணிதம், அட்சரகணிதம், வானியல், இயற்கைத் தத்துவம் என்று அன்று வழங்கிய பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றோடு தமிழும் சமஸ்கிருதமும் கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்ற கருத்தில் இதனைப் பாராட்டி எழுதினார்.

இங்கு நாம் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்றுண்டு. செமினரியில் விஞ்ஞானம் தனக்காக மட்டும் கற்பிக்கப்படவில்லை. 1829ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தை அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு, நேரத்தில் வேறுபாடு இருந்ததைக் காட்டி, மேலைத்தேய வானியலே சரியென நிறுவிய பூவர் பாதிரியார், அதனையே சமயப் போதனைக்கும் கருவியாக்கினார். கணிப்பு சரியாக இருந்தது. ஆனால் கிரகணம் எப்போது தொடங்கும் என்ற கேள்விக்குரிய விடை, எந்தச் சமயம் மெய்யானது என்ற கேள்விக்கும் விடையாகிவிடாது. இரண்டையும் ஒரே ஆசிரியர் ஒரே வகுப்பில் கற்பித்து, அவரே பரீட்சித்து, அவரே தேர்ச்சியும் வழங்கினால், மாணவன் எதில் தேறினான் என்பதை வெளியார் எவ்வாறு அறிவது?

செமினரியின் முடிவும் எமக்கு ஒரு பாடம். 1855இல் அது மூடப்பட்டது. மூடியது அரசு அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த மிசன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சனும் அவருடன் வந்த குழுவினரும் மிசன் பணிகளைப் பரிசீலித்து, உயர்ந்த ஆங்கிலக் கல்வி சுவிசேஷப் பணிக்கு உரிய பலனைத் தரவில்லை, தாய்மொழி வழி எளிய கல்வியே ஊழியத்துக்குப் போதும் என்று கருதினர். சமய நோக்கோடு தொடங்கியதைச் சமய நோக்கோடே மூடினர். அவர்களின் பார்வையில் அது முரண்பாடன்று. ஆனால் வானியலும் இரசாயனமும் படித்துக்கொண்டிருந்த பையன்களின் பார்வையில்?

இதற்குப் பின் நடந்ததே இவ்வரலாற்றின் மிக அழகான பகுதி. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டை செமினரியில் பயின்றவர்கள். செமினரி தானே பட்டம் வழங்கியிருந்தால் அதனை நம்புபவர் நம்பியிருப்பர், நம்பாதவர் விட்டிருப்பர். வேறொருவர் தயாரித்த வினாத்தாளுக்கு, வேறொரு நாட்டில் விடை எழுதி வென்றபோது செமினரியின் தரத்தைச் சந்தேகிக்க எவராலும் இயலவில்லை. மூடப்பட்ட பள்ளிக்கு அதன் மாணவர் இருவர் வாங்கிக் கொடுத்த பட்டம் அது.

மானிப்பாயின் வைத்தியப் பள்ளி

இரண்டாவது அனுபவம் மானிப்பாயில் நிகழ்ந்தது. எம்மைப் போல வைத்தியத் தொழிலில் உள்ளோருக்கு இது மிக நெருக்கமானது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அடுத்த ஆண்டிலிருந்து உள்ளூர் இளைஞருக்கு மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலும், 1860களின் நடுப்பகுதியிலிருந்து தமிழிலும் வகுப்புகள் நடந்தன. ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட, கிராமங்கள் வைத்தியரின்றி இருந்ததைக் கண்டே அவர் தமிழுக்கு மாறினார். ‘இரண வைத்தியம்’ 1867இலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. உடலின் ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ச்சொல் தேடிய அந்த உழைப்பை நினைக்கையில் இன்றும் எமக்கு மெய்சிலிர்க்கிறது. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர்.

அவர்களுக்குச் சான்று வழங்கியவர் யார்? கிறீன் வைத்தியரே. அன்று இலங்கையில் வைத்தியரைப் பதிவு செய்யும் சட்டமும் இல்லை, அரசின் மருத்துவப் பள்ளியும் இல்லை. எனவே ஒரு சமய நிறுவனம், அரசின் மேற்பார்வை எதுவுமின்றி விஞ்ஞானக் கல்விக்குச் சான்றிதழ் வழங்கிய முழுமையான உதாரணம் எமது மண்ணிலேயே உண்டு. அது தோல்வியா? இல்லை. வாந்திபேதிக் காலங்களில் ஊர் ஊராகச் சென்று உயிர்களைக் காத்தவர்கள் அந்த வைத்தியர்கள். அக்காவின் கேள்விக்கு “ஓம்” என்று சொல்ல விரும்புவோர் எடுத்துக்காட்ட வேண்டிய சான்று இதுவே. அதனைவிட வலுவான சான்று எமக்குத் தெரிந்து வேறில்லை.

ஆயினும் அது எதன்மேல் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஒரு மனிதரின் நேர்மையின்மேல் நின்றது. மாணவனைத் தெரிந்தவரும் அவர், கற்பித்தவரும் அவர், பரீட்சித்தவரும் அவர். அவர் கிறீனாக இருந்தபடியால் ஊர் தப்பியது. 1873இல் அவர் தாயகம் திரும்பிய பின் அப்பள்ளி நெடுங்காலம் நிலைக்கவில்லை. நல்ல மனிதர் ஒருவரின் கையொப்பம் அவர் வாழும் காலத்துக்கும் அவரை அறிந்த ஊருக்கும் போதும். அவரை அறியாத ஊரில், அவர் இல்லாத காலத்தில், அக்கையொப்பத்தை யார் வாசித்து உறுதி செய்வது?

1870இல் கொழும்பில் அரசின் மருத்துவப் பள்ளி தொடங்கியது. வன்னியில் பறங்கி நோயால் ஊர்கள் அழிவதை ஆராய்ந்து அறிக்கையிட்ட, வட மாகாணத்தின் அரச வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் அதன் முதல் தலைவரானார். 1892இல் பெண்கள் அங்கு அனுமதிக்கப்பட்டனர். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் வைத்தியர், மருத்துவிச்சி, மருந்தாளர் எனப் பலரின் பதிவையும் ஒழுங்குபடுத்தியது. எமது பெயர்களும் அப்பதிவேட்டிலேயே உள்ளன.

கையில் இருந்தும் பயன்படுத்தாத உரிமை

வட்டுக்கோட்டைக்கு மறுக்கப்பட்ட சாசனம் வங்காளத்தில் வேறொரு சமயக் கல்லூரிக்குக் கிடைத்தது. கேரி, மார்ஷ்மன், வார்ட் ஆகிய பப்ரிஸ்ட் மிசனரிமார் 1818இல் நிறுவிய செராம்பூர் கல்லூரிக்கு, அவ்வூர் அன்று டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தமையால், டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடெரிக் 1827இல் அரச சாசனம் வழங்கினார். எல்லாத் துறைகளிலும் பட்டம் வழங்கும் உரிமை அதில் இருந்தது. 1845இல் செராம்பூர் பிரித்தானியருக்கு விற்கப்பட்டபோதும் அவ்வுரிமை காக்கப்பட்டது.

அந்த உரிமையை அவர்கள் எவ்வாறு பயன்படுத்தினர் என்பது சிந்திக்கத்தக்கது. கலை, விஞ்ஞானப் பாடங்களுக்கு அக்கல்லூரி கல்கத்தாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்துகொண்டது. இன்றும் அவ்வாறே. தனது சொந்தப் பட்டத்தை இறையியலுக்கே வைத்துக்கொண்டது. இறையியல் பட்டம் முதன்முதலில் 1915இல் வழங்கப்பட்டது. எமது நாட்டின் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் பயில்வோரும் செராம்பூரின் பட்டத்தையே பெறுகின்றனர். விஞ்ஞானப் பட்டம் வழங்கும் சாசனம் பெட்டியில் இருக்க, தனது மாணவரைப் பொதுப் பரீட்சைக்கு அனுப்பியது ஒரு சமயக் கல்லூரி. தன் சமயத்தில் அதற்கு நம்பிக்கை குறைவென்று எவரும் சொல்லார். ஒவ்வொன்றையும் அதற்குரிய தராசில் நிறுக்க வேண்டும் என்ற தெளிவே அது.

எமது நாட்டில் பௌத்த சமய நிறுவனங்களின் வரலாறும் இவ்வழியே சென்றது. 1873இல் தொடங்கிய வித்தியோதய பிரிவெனாவும் 1875இல் தொடங்கிய வித்தியாலங்கார பிரிவெனாவும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகங்களாயின. இன்றைய ஸ்ரீ ஜயவர்தனபுர, களனிப் பல்கலைக்கழகங்கள் அவையே. அங்கு விஞ்ஞான பீடங்கள் பின்னர் எழுந்தன. அவை பிரிவெனாவின் பெயரால் அல்ல, நாட்டின் சட்டத்தின் பெயரால் எழுந்தவை.

வேலூரின் பதினான்கு பெண்கள்

பெண்களாகிய எமக்கு மிகப் பெறுமதியான உதாரணம் வேலூர். அதன் வேர் எமக்கு அயலில் உள்ளது. 1819 இறுதியில் யாழ்ப்பாணம் வந்து, பண்டத்தரிப்பில் பணியாற்றிய ஜோன் ஸ்கடர் அமெரிக்க மிசனின் முதல் வைத்தியர். அவரின் பேர்த்தியே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார்.

1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கினார். பட்டத்துக்குச் சற்றுக் கீழான எல்.எம்.பி. சான்றிதழுக்கே அனுமதி. முதலாம் ஆண்டுப் பரீட்சையைச் சென்னை மாகாண அரசு நடத்தியது. ஆண்கள் பள்ளிகளிலேயே ஐவரில் ஒருவர்தான் தேறுகிறார், உங்கள் பிள்ளைகள் எவரும் தேறாவிட்டாலும் மனம் தளராதீர்கள் என்று அரச மருத்துவத் தலைவர் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தாராம். பெறுபேறு வந்தபோது பரீட்சைக்குத் தோற்றிய 14 பெண்களும் தேறியிருந்தனர்.

இதே பதினால்வரையும் ஐடா அம்மையாரே பரீட்சித்துச் சித்தி என்று அறிவித்திருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? பெண் பிள்ளைகள், தம் சொந்தப் பள்ளி, தலைவி இரங்கிப் போட்ட புள்ளி என்றே சொல்லியிருக்கும். அரசு நடத்திய வெளிப் பரீட்சையே அந்த வாய்களை மூடியது. பலமுள்ளவர்களுக்கு வெளிப் பரீட்சை ஒரு தொல்லையாகத் தோன்றலாம். சந்தேகிக்கப்படுபவர்களுக்கு அது கவசம். பெண்கள் கல்வியில் நூறாண்டு நடந்து வந்த எமது சங்கம் இதனை எவரிலும் நன்றாக அறியும்.

வேலூருக்கும் அரசு மேற்பார்வை எப்போதும் இனிக்கவில்லை. 1930களின் இறுதியில் எல்.எம்.பி. படிப்பை நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பையே நடத்த வேண்டும் என்று மாகாண அரசு முடிவெடுத்தபோது, பள்ளியே மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயதை நெருங்கிய ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். புதிய கட்டடங்கள், ஆய்வுகூடங்கள், தகைமை பெற்ற ஆசிரியர்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு சென்னைப் பல்கலைக்கழக இணைப்புடன் தொடங்கியது. அந்த நெருக்கடி இல்லாவிடில் இன்று ஆசியாவே அறிந்த வேலூர் உண்டா என்பது கேள்விக்குரியதே.

அண்மையிலும் ஒரு மோதல் நிகழ்ந்தது. நாடு தழுவிய நீட் பரீட்சையின் மூலமே மாணவரைச் சேர்க்க வேண்டும் என்ற விதியை வேலூர் எதிர்த்தது. கிராம மிசன் ஆஸ்பத்திரிகளில் பணிபுரியக்கூடிய மனப்பாங்கை ஒரு புள்ளித்தாள் காட்டாது என்பது அதன் வாதம். 2017இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஒரேயொரு மாணவரை மட்டுமே சேர்த்து மற்றைய இடங்களை வெறுமையாக விட்டது. 2020 ஏப்ரலில் இந்திய உயர் நீதிமன்றம், சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. வேலூரின் வாதத்தில் உண்மை இருந்தது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யாரைச் சேர்ப்பது என்பதில்தான் அது உரிமை கோரியது. தன் மாணவரைத் தானே பரீட்சித்துத் தானே பட்டம் வழங்குவேன் என்று கேட்கவில்லை.

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நடந்த இரு வழக்குகளும் இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. இறையியல் பள்ளி ஒன்று தன் சமயப் பட்டங்களை அரசின் அனுமதியின்றி வழங்கியதற்காகத் தண்டம் விதிக்கப்பட்டபோது, 2007இல் மாநில உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கமே நின்றது. சமயக் கல்வி எதுவெனத் தீர்மானிப்பது அரசின் வேலையன்று என்பது அதன் சாரம். உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படைக்கப்பட்டது என்று கற்பிக்கும் வேறொரு நிறுவனம் விஞ்ஞானக் கல்வியில் முதுமாணிப் பட்டம் வழங்க அனுமதி கேட்டது. மாநில உயர்கல்விச் சபை மறுத்தது. 2010இல் நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதி செய்தது. எதை நம்புவதும் அவரவர் சுதந்திரம். ஆனால் விஞ்ஞானம் என்ற பெயரைப் பட்டத்தில் பொறித்தால், விஞ்ஞானிகளின் பரிசோதனைக்கு உட்படத்தான் வேண்டும்.

அரசின்மேல் எமக்குள்ள வழக்கு

இவ்வளவும் வாசித்த அக்கா கேட்கக்கூடிய அடுத்த கேள்வியும் எமக்குத் தெரியும். “அந்த அரசாங்கத்தை நம்பச் சொல்லுறியளோ?”

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. எமது மக்களுக்கு அரசின் மேற்பார்வை என்பது நியாயத்தின் மறுபெயராக இருந்ததில்லை. வட்டுக்கோட்டைக்குச் சாசனம் மறுக்கப்பட்டது தரத்தால் அல்ல, அரசியலால். 1970ஆம் ஆண்டுப் பரீட்சைப் பெறுபேறுகளின்படி மருத்துவபீட அனுமதி வழங்கப்பட்டபோது, 400க்குச் சிங்களமொழி மாணவருக்கு 229 புள்ளிகளும் தமிழ்மொழி மாணவருக்கு 250 புள்ளிகளும் வெட்டுப்புள்ளிகளாயின. தரப்படுத்தல் என்ற ஒரு சொல் எத்தனை பிள்ளைகளின் வாழ்வைத் திசைமாற்றியது என்பதை எமது மூத்த சகோதரிகள் எமக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களுட் பலர் இன்று வெளிநாட்டில் வாழ்வதே அதற்குச் சான்று. பிரிவெனாக்கள் இரண்டும் 1959இல் பல்கலைக்கழகங்களாக இயங்கத் தொடங்க, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் பெருங்கனவோடு தொடங்கிய பரமேசுவராக் கல்லூரியின் வளவில் பல்கலைக்கழக வளாகம் ஒன்று அமைய 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசின் கைகளே தமக்குள் முரண்பட்டதையும் கண்டோம். மாலபேயில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரியான சைற்றத்துக்கு உயர்கல்வி அமைச்சு பட்டம் வழங்கும் தகுதியை அளித்தது. மருத்துவ சபை அப்பட்டதாரிகளைப் பதிய மறுத்தது. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2018இல் உயர் நீதிமன்றமும் பட்டதாரிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. இடையில் நாடெங்கும் போராட்டங்கள், விரிவுரைப் பகிஷ்கரிப்புகள், வைத்தியர்களின் வேலைநிறுத்தங்கள். முடிவில் நிறுவனம் கைவிடப்பட்டு, மாணவர்கள் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். அது சமய நிறுவனம் அல்ல. எனினும் அமைச்சு ஒன்று சொல்ல, தொழில்சார் சபை வேறொன்று சொன்னால், நடுவில் நசுங்குவது மாணவரே என்பதை அது காட்டியது.

ஆகவே மேற்பார்வை என்று நாம் சொல்வது அமைச்சரின் விருப்பத்தை அல்ல. அரசாங்கம் மாறும்போது மாறாத, எந்த இனத்தவருக்கும் எந்தச் சமயத்தவருக்கும் ஒரே அளவுகோலை வைக்கும், தன் முடிவுக்கு எழுத்தில் காரணம் சொல்லும், அம்முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்க இடம் தரும் ஒரு பொது அமைப்பையே சொல்கிறோம். எமது நாட்டில் அது இன்னும் முழுமையாக இல்லை என்பது உண்மை. அதற்குப் பரிகாரம் அவ்வமைப்பைத் திருத்தும்படி வற்புறுத்துவதே. பிழையான தராசைக் கண்டவன் தராசைத் திருத்தச் சொல்வான், நிறுக்காமலே விற்கச் சொல்லமாட்டான்.

நோயாளிக்குத் தெரியாதது

எம் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு இன்று வடக்கெங்கும் இருந்து நோயாளர் வருகின்றனர். அவர்களுக்கு ஏற்றப்படும் மருந்தின் அளவு, ஒவ்வொருவரின் உயரத்தையும் நிறையையும் கொண்டு உடற்பரப்பைக் கணித்தே தீர்மானிக்கப்படுகிறது. இரத்தப் பரிசோதனையில் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருந்தால் மருந்தைத் தள்ளிப்போட வேண்டும். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் மருந்தே நஞ்சாகும். வைத்தியர் கணிப்பதை மருந்தாளர் சரிபார்க்கிறார், தாதி மீண்டும் சரிபார்க்கிறார், ஆய்வுகூடத்தில் ஒருவர் கலங்களை எண்ணியிருக்கிறார். கட்டிலில் கிடக்கும் அம்மாவால் இவற்றுள் ஒன்றையேனும் சரிபார்க்க முடியாது. அவர் கும்பிடுவது துர்க்கை அம்மனையா, யேசுநாதரையா என்பது கணக்கை மாற்றாது. அந்த நால்வரும் உண்மையாகவே படித்துத் தேறியவர்கள் என்று வேறு யாரோ தனக்காகப் பார்த்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையிலேயே அவர் கையை நீட்டுகிறார். விஞ்ஞானப் பட்டம் என்பது படித்தவருக்குக் கொடுக்கும் பரிசு மட்டுமன்று. அவரிடம் வரப்போகும் முன்பின் அறியாதவருக்குக் கொடுக்கும் வாக்கு.

இந்த வாக்கு பொய்த்தால் முதலில் அடிபடுவதும் எமது பிள்ளைகளே. அயலூர்ப் பிள்ளை ஒருத்தி சில தசமங்களால் பல்கலைக்கழக இடத்தைத் தவறவிட்டாள். தாயார் காணியை ஈடுவைத்து, சமயப் பெயரைத் தாங்கிய நிறுவனம் ஒன்றில் சேர்த்தார். நல்ல இடம், சாமியின் பெயர், பிழை நடக்காது என்பது தாயாரின் எண்ணம். மூன்று ஆண்டு படித்துப் பெற்ற சான்றிதழை ஒரு பதிவுக்கும் ஏற்க முடியாது என்று சொல்லப்பட்ட பின்னரே எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். பிள்ளை கெட்டிக்காரி. கற்பித்தவர்களும் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் அக்கடதாசிக்குப் பின்னால் எவரும் நிற்கவில்லை. எம்மால் சொல்ல முடிந்த ஆலோசனை, மீண்டும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கு என்பது மட்டுமே.

நாம் செய்யக்கூடியவை

எனவே அக்காவின் கேள்விக்கு எமது விடை இதுதான். சமய நிறுவனங்கள் சமயம் சார்ந்த பட்டங்களைத் தம் விருப்பப்படி வழங்கட்டும், அதில் அரசு தலையிட வேண்டாம். விஞ்ஞானத்தையும் அவை தாராளமாகக் கற்பிக்கட்டும். வட்டுக்கோட்டையும் மானிப்பாயும் வேலூரும் அவற்றால் அது இயலும் என்று காட்டிவிட்டன. ஆனால் விஞ்ஞானப் பட்டத்துக்கான பரீட்சையையும் பதிவையும் தம் மதிலுக்கு வெளியே விடட்டும்.

கொடைக்கு ஆயத்தமாக உள்ள சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நிறுவனத்துக்கும், அது எந்தச் சமயத்துடையதாயினும், காசோலையில் ஒப்பமிடுமுன் மூன்றைக் கேளுங்கள். இப்பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா? தொழில்சார் படிப்பாயின், உரிய சபை இதனைப் பதிவுக்கு ஏற்குமா? இறுதிப் பரீட்சையில் வெளிப் பரீட்சகர் இருக்கிறாரா? விடை எழுத்தில் வரட்டும். மூன்றுக்கும் “ஓம்” என்றால் மனம் நிறைந்து கொடுங்கள். இல்லையென்றால், ஆய்வுகூடம் அமைக்கவும், ஆசிரியரை மேற்படிப்புக்கு அனுப்பவும், வறிய பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வழங்கவும் கொடுங்கள். வேலூர் 1942இல் பட்டத்துக்குத் தகுதி பெற்றதும் அவ்வாறான கொடைகளாலேயே.

1990இல் எமது ஊர் இடம்பெயர்ந்தபோது நாம் சிறு பிள்ளைகள். நகை, பாத்திரம், ஆடு, மாடு என்று எல்லாம் விட்டு வந்த அம்மாமார் ஒரு பையை மட்டும் மார்போடு அணைத்து வந்தனர். அதனுள் இருந்தவை பிறப்புப் பத்திரங்களும் பரீட்சைச் சான்றிதழ்களும். வழியில் அதனையும் தொலைத்தவர் பலர். அவர்கள் பின்னர் பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுதி, சுட்டெண்ணைக் கொடுத்து, பெறுபேற்றின் பிரதியைப் பெற்றனர். பாடசாலைக் கட்டடம் இடிந்து கிடந்தது. அதிபர் எங்கோ அகதியாக இருந்தார். ஆயினும் அப்பிள்ளை தேறினாள் என்பதற்கு, அவளை அறியாத ஓர் இடத்தில் ஒரு பதிவு இருந்தது. அதனை வைத்தே அவள் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ அடுத்த வகுப்பில் சேர்ந்தாள்.

இம்மலரை எந்த நாட்டில் இருந்து வாசித்தாலும், அந்தப் பை உங்களுக்கு நினைவிருக்கும். இனி வரும் எமது பிள்ளைகளின் பையில் நாம் வைக்கும் கடதாசியும் அவ்வாறே, எமது நிறுவனங்கள் இல்லாது போனாலும் பேசக்கூடிய கடதாசியாக இருக்கட்டும்.